கணினிக்குள் ஒரு காலி இடம்



வீட்டுக் கணினியின் பெட்டியை எப்போதாவது கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்று உங்களில் சிலரிடம் கேட்டிருக்கிறேன். "இல்லை அக்கா, பழுதாய்ப் போயிடும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். கையிலிருக்கும் தொலைபேசி நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. அதில் ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. பழுதானால் புதிது வாங்கு என்றே அது சொல்கிறது. ஆனால் மேசைக்குக் கீழே நிற்கும் பெரிய பெட்டி வேறு வகை. திறக்கப்பட வேண்டும் என்றே அது செய்யப்பட்டது. இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் எங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து அதற்குள் ஒரு அட்டை பூட்டினோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பூட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் அப்பா.

லா சப்பல் மெத்ரோவிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் எங்கள் வீடு. பழைய கட்டடம், தடித்த சுவர்கள். இணையப் பெட்டி வாசலோடு இருக்கிறது, கணினி உள்ளறையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான நீண்ட நடை. அந்த நடையின் ஓரமாக ஒரு நீல வயர் ஓடி, உள்ளறை வாசலில் மட்டும் குறுக்கே கடந்து போகும். அப்பாவுக்கு 76 வயது. ஒரு கண்ணில் பார்வை குறைவு. கைத்தொலைபேசியின் சிறு திரையில் அவருக்கு முகங்கள் தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும், கணினியின் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சியோடு ஒரு மணித்தியாலம் கதைப்பார். நான் கொடுக்கும் குளிசைகளை மறந்தாலும் அந்த மணித்தியாலத்தை அவர் மறப்பதில்லை. அந்த நடையில்தான் வயர் தடுக்கி இரண்டு தடவை தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினார்.

நான் ஒரு தாதி. முதியவர்களின் இடுப்பு எலும்பு முறிவு பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுவதால் வருவதில்லை. நின்ற நிலையிலேயே வீட்டுக்குள் விழுவதால் வருகிறது. ஒரு கால்விரிப்பு, ஈரமான குளியலறைத் தரை, ஒரு வயர் போதும். பிறகு அறுவைச் சிகிச்சை, கட்டில், மீண்டும் நடை பழகும் மாதங்கள். தன் காலால் நடந்து வீட்டை விட்டுப் போனவர் பழைய நடையோடு திரும்பாமல் போவதை வேலையில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை சுவர் கைக்கு எட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வயரைக் கம்பளத்துக்குக் கீழே மறைத்தால் அது ஒரு மேடாகிவிடும், இன்னும் ஆபத்து. கணினியை வாசலுக்குக் கொண்டுவர இடமில்லை. ஆகவே வயரே இல்லாமல் போக வேண்டும். எங்கள் கணினியோ வைஃபை வாங்கி இல்லாமல் வந்தது. புதுக் கணினி என்றால் அறுநூறு, எழுநூறு யூரோ. வைஃபை அட்டை முப்பது யூரோவுக்குள் கிடைத்தது. யூஎஸ்பியில் செருகும் சிறு குச்சி இன்னும் மலிவு. ஆனால் பெட்டியின் முன்பக்கம் செருகினால் அப்பாவின் கால் படும் இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் செருகினால் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும், அலை சரியாக வந்து சேராது. அட்டை என்றால் வேலை உள்ளே நடக்கும், அன்டெனாவை மேசைமேல் வைக்கலாம். அட்டையே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அண்ணாவின் மகனுக்குப் பதினைந்து வயது, லிசேயில் படிக்கிறான். "மாமி, உங்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியாது. ஆனால் தெரியாத வேலையை எப்படித் தொடங்கவேணும் எண்டு எனக்குப் படிப்பிச்சிருக்கினம்."

உண்மைதான். பிரான்சில் தாதியர் படிப்பு மூன்று வருடம். மருந்து கொடுக்குமுன் ஐந்து 'சரி'களைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே நாங்கள் ஆரம்பத்திலேயே படிக்கும் பாடம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதில் ஒன்று பிசகினாலும் மற்ற நான்கும் காப்பாற்றாது. மருமகனிடம் ஒரு தாளைக் கொடுத்து, நோயாளி என்ற இடத்தில் கணினி என்று எழுதச் சொன்னேன்.

சரியான கணினி: பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டைத் தேடி எடுத்தோம். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. முடியாத கணினி என்றால் திறக்குமுன் அந்த நிபந்தனைகளை வாசிக்க வேண்டும்.

சரியான அட்டை: தாய்ப்பலகையில் அட்டை செருகும் இடத்தை ஸ்லொட் என்பார்கள். இன்றைய மேசைக் கணினிகளில் இருப்பவை பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை. பழைய கணினிகளில் வெறும் பிசிஐ வகையும் இருக்கும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் அட்டை மற்றதில் ஏறாது. மெலிந்த பெட்டி என்றால் அட்டையின் தகடும் கட்டையானதாக இருக்க வேண்டும்.

சரியான அளவு: மிகச் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளம். கிராபிக்ஸ் அட்டைக்கான நீண்ட ஸ்லொட் 89 மில்லிமீற்றர். சிறிய அட்டை நீண்ட ஸ்லொட்டிலும் வேலை செய்யும். வைஃபை அட்டைக்குச் சிறியதே போதும். பெரிய கிராபிக்ஸ் அட்டை என்றால் மின்வழங்கிக்கு அந்தச் சுமையைத் தாங்கும் பலம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஸ்லொட் தன் வழியாகக் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட்.

சரியான வழி: அட்டை இயங்க அதற்குரிய மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. இணையம் வர அட்டை வேண்டும். கோழி முதலா முட்டை முதலா என்ற கதைதான்! ஆகவே நீல வயர் இருக்கும்போதே அதை ஒரு யூஎஸ்பியில் இறக்கி வைத்தோம். அப்பாவின் படங்களையெல்லாம் வெளித்தட்டு ஒன்றில் பிரதி எடுத்தோம்.

சரியான நேரம்: திங்கட்கிழமை பின்னேரம். எனக்கு ஓய்வு நாள். ஏதாவது சரிவராவிட்டாலும் அடுத்த ஞாயிறுக்குள் பார்த்துக்கொள்ள ஆறு நாள் கையில் இருக்கும்.

தாளில் இவ்வளவும் நிரம்பியபோது வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது. திருப்புளியை இன்னும் கையில் எடுக்கவில்லை.

கணினியை முறையாக நிறுத்தினோம். பின்னாலுள்ள மின்வழங்கியின் ஆளியை அணைத்து, மின்வயரைக் கழற்றினோம். பிறகு முன்பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் வடிந்துபோகும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மின்வழங்கி என்ற அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கவே கூடாது. சுவரிலிருந்து 230 வோல்ட் வாங்கும் பாகம் அது. வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

அடுத்தது கை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று உலர்ந்துவிடும். கம்பளி உடுப்பைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமல்லவா, அதுதான் நிலைமின்சாரம். நமக்குச் சுருக்கென்று உறைக்கவே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில சில்லுகளைக் கெடுக்க 100 வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். அதாவது நமக்கு ஒன்றுமே தெரியாமல் நம் கை ஒரு அட்டையைக் கொன்றுவிடலாம். 1847இல் வியன்னாவில் செம்மெல்வெய்ஸ் என்ற வைத்தியர் பிரசவ அறைக்குப் போகுமுன் கை கழுவச் சொன்னதும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகத்தான். இங்கே கை கழுவுவது என்றால் பெட்டியின் வெறும் இரும்பைத் தொடுவது. கம்பளி உடுப்பைக் கழற்றிவிட்டு, அட்டையை எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் இரும்பைத் தொட்டோம்.

கழற்றிய திருகாணிகளை ஒரு தேநீர்த் தட்டில் போட்டு எண்ணினோம். மூடியில் இரண்டு, பின்தகட்டில் ஒன்று, மொத்தம் மூன்று. அறுவை அறையில் துணிகளை முன்னும் பின்னும் எண்ணுவதுபோல. ஒரு திருகாணி உள்ளே விழுந்து கிடந்தால் மின்சாரம் பாயும்போது பலகையே போய்விடலாம்.

மூடி கழன்றதும் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். உள்ளே பாதிக்கு மேல் வெறும் இடம். பலகையில் மூன்று ஸ்லொட்டுகள், மூன்றும் காலி.

"இவ்வளவு இடத்தையும் ஆருக்கெண்டு பிள்ளை விட்டு வைச்சிருக்கிறாங்கள்?" என்றார்.

"முதல்ல வேலையை முடிப்பம் அப்பா, பிறகு சொல்லுறன்."

அட்டையை மருமகனிடமே கொடுத்தேன். ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும், பொன்னிற முனைகளைத் தொடக்கூடாது. ஸ்லொட்டின் நடுவே ஒரு சிறு தடுப்பு இருக்கிறது. அட்டையின் வெட்டு அதோடு பொருந்தினால்தான் இறங்கும், மாறிச் செருக முடியாது. இரண்டு பெருவிரலாலும் நேராக, சமமாக அழுத்தச் சொன்னேன். "பலமாய் அமத்தட்டோ மாமி?" என்றான். "அவசரப்படாதை. பொருந்தினால் அது தானாய் இறங்கும்." நாளத்துக்குள் ஊசி இறங்கும்போது முதலில் ஒரு சிறு எதிர்ப்பு இருக்கும், பிறகு வழி விடும். கைக்கு அது தெரியும். அட்டையும் அப்படித்தான் இறங்கியது. அவன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு தகட்டின் திருகாணி. அடுத்து, பலர் விட்டுவிடும் ஒரு மெல்லிய வயர். புளூடூத்தும் சேர்ந்த அட்டை என்றால், அதிலிருந்து ஒரு வயரைத் தாய்ப்பலகையின் யூஎஸ்பி ஊசிகளில் செருக வேண்டும். இல்லாவிட்டால் வைஃபை வேலை செய்யும், புளூடூத் வேலை செய்யாது. அந்த ஊசிகளை எண்ணிப் பார்த்தால் ஒன்பது. பத்தாவது இடம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, யாரும் தலைகீழாகச் செருகக்கூடாது என்பதற்காக.

மூடியைப் போட்டுத் தட்டைப் பார்த்தோம். திருகாணி ஒன்றும் மிச்சமில்லை. மின்சாரத்தைக் கொடுத்ததும் கணினி அட்டையை அடையாளம் கண்டது. யூஎஸ்பியில் இருந்த மென்பொருளை ஏற்றினோம். அன்டெனாவை மேசைமேல் வைத்தோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை எங்கள் வீட்டுச் சுவர்களைத் தாண்டும்போது களைத்துப்போனது, 2.4 தாண்டி வந்தது. வயரில் இருந்த வேகம் இல்லை. ஆனால் முகம் பார்த்துக் கதைக்கப் போதும். மருமகன் நீல வயரைச் சுருட்டிக்கொண்டு நடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான். நான் அவன் பின்னால் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலி இடங்கள் யாருக்காக?

1977இல் வெளிவந்த அப்பிள் டூ கணினியை வடிவமைத்தபோது ஸ்டீவ் ஜொப்ஸ் இரண்டு ஸ்லொட் போதும் என்றார். ஒன்று அச்சுப்பொறிக்கு, ஒன்று மோடத்துக்கு. வேறு எதற்கு? ஸ்டீவ் வொஸ்னியாக் எட்டு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று எட்டு வைத்தார். 1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை ஐந்து ஸ்லொட்டுகளோடு வெளியிட்டது. அதன் சுற்று வரைபடங்களையும் கையேடாக வெளியிட்டது. அட்டை செய்யத் தெரிந்த எவரும் செய்யலாம் என்றானது. எதற்கு என்று தெரியாமலேயே இடம் விட்டார்கள். சூனேமியாள் எலிசாவுக்கு மேலறை கட்டிக் கட்டிலும் மேஜையும் விளக்கும் வைத்தபோது, யார் வரப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது.

அப்படி வந்து சேர்ந்த விருந்தாளிகளில் ஒன்று நம்முடைய தமிழ்.

இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தட்டச்சு வேலை செய்தவர். சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் கணினிக்குள் தமிழ் எப்படி வந்தது என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் காலத்துக் கணினிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களையே திரையில் காட்டின. அதற்கு இந்தியாவில் ஒரு வழி கண்டார்கள். கான்பூர் ஐஐடியில் தொடங்கிய அந்த ஆராய்ச்சி, 1988இல் புனேயில் உருவான சி-டாக் என்ற அரசு நிறுவனத்தில் வளர்ந்து ஜிஸ்ட் அட்டை என்ற பெயரில் வந்தது. கணினியைத் திறந்து, காலி ஸ்லொட்டில் இந்த அட்டையைச் செருகினால், டோஸ் காலத்தில் ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட மென்பொருட்களிலேயே தமிழும் இந்தியும் மலையாளமும் திரையில் தோன்றும். கணினி தானாகத் தமிழ் படிக்கவில்லை. அதன் பலகையில் உட்கார்ந்து அட்டை அதற்காகத் தமிழ் எழுதிக் கொடுத்தது. அதே காலத்தில் எழுத்துரு வழியாகவும் பலர் கணினியில் தமிழை ஏற்ற உழைத்தார்கள். இந்திய எழுத்துக்களுக்கான இஸ்கி என்ற குறியீடு 1991இல் இந்தியத் தர நிர்ணயமானது. அதே வருடம் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதன் அடுக்கும் இஸ்கியை ஒட்டியதே. விண்டோஸ் 2000 வந்தபோது தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதன்பின் தமிழுக்கென்று தனி அட்டை தேவைப்படவில்லை.

ஐபிஎம்மில் அந்த ஐந்து ஸ்லொட்டுகளை வைத்தவர்கள் தமிழை நினைத்து வைக்கவில்லை. ஆனால் இடத்தை அடைத்தும் வைக்கவில்லை. எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து மூடி ஒட்டியிருந்தால், நம் மொழி வாசலில் இன்னும் கொஞ்சக் காலம் காத்திருக்க வேண்டி வந்திருக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்களும் இந்த ஊருக்கு அப்பிடித்தானே பிள்ளை வந்தனாங்கள்" என்றார். மருமகனுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எனக்கு விளங்கியது. கார் து நோர் நிலையத்திலிருந்து லா சப்பல் வரை இன்று தமிழில் பெயர்ப்பலகை தொங்கும் கடைகளெல்லாம் ஒருநாள் இங்கே காலியாக இருந்த இடங்கள்தான்.

இன்று வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் காலி இடமே இல்லை. நினைவகத்தைக்கூடப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளின் விலைச்சீட்டோடு பத்துக்கு இத்தனை என்று ஒரு திருத்தத்தகு மதிப்பெண் காட்ட வேண்டும். கழற்றுவது எவ்வளவு சுலபம், உதிரிப்பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பவற்றைக் கணக்கிட்டு இடும் எண் அது. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது விலையைப் பார்ப்பதோடு அந்த எண்ணையும் பாருங்கள். 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் தொன் மின்னணுக் கழிவை எறிந்தது என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்வாசிக்கும் குறைவு. எங்கள் கணினி அந்தக் குவியலில் சேர இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.

தம்பி தங்கையரே, இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒடுக்கமான இரும்புத் தகடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மூடிய கதவு. எத்தனை என்று எண்ணுங்கள். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, மின்வயரைக் கழற்றிவிட்டு, ஆறுதலாகத் திறந்து பாருங்கள். தொடுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். வீட்டில் வயதுபோன ஒருவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தோன்றாத கேள்வியை அவர் கேட்பார்.